நாலாவது கேள்வி

ஒண்ணுமே நினைக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. எப்பிடின்னு ஒரு தடவ அவரு செஞ்சு காட்டிட்டுப் போயிருக்கலாம். கண்ணத் தொறந்து வெச்சுக்கணுமாம், மேல சின்னக் கண்ணாடியில தெரியிற ப்ளஸ் குறியவே பாத்துக்கிட்டிருக்கணுமாம், தூங்கக் கூடாதாம், மனசுக்குள்ள எண்ணக் கூடாதாம், பாட்டு முணுமுணுக்கக் கூடாதாம், மனசு போற போக்குல விட்டுடணுமாம். மனசு போற போக்குல விடறதும் ஒண்ணும் நினைக்காம இருக்கறதும் ஒண்ணா சார்னு கேட்டேன். ரெண்டும் ஒண்ணுதாம்மா, படுங்கன்னாரு. ஒண்ணு இல்ல சார், நேர் எதிர்னேன். ஸ்கேன் எடுக்க வந்த எடத்துல கட்சி கட்டறாளேன்னு நினைச்சிருப்பாரு, ஆனா கோவப்படல. சட்டைப்பையில பிலவேந்திரன்னு பேர் குத்தியிருந்துச்சு. காதுல பஞ்சு வெச்சு, அதுக்கு மேல ஹெட்போன மாட்டி, தலைக்கு ரெண்டு பக்கமும் திண்டு சொருகி, மூஞ்சிக்கு மேல ஒரு கூண்டக் கவுத்தி, கையில ஒரு ரப்பர் பல்பக் குடுத்தாரு. முடியலன்னா அமுக்குங்க, உடனே நிறுத்திருவோம், ஆனா நிறுத்துனா இன்னிக்கு எடுத்தது அத்தனையும் போச்சு, அத மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்கன்னாரு. இதுக்குப் பேரு உரிமையா மிரட்டலா? மூணு வருஷமா சட்டம் படிக்கிறேன், இந்த மாதிரி ஒரு சம்மதத்த எந்த கோர்ட்டுலயும் கிழிச்சிருவேன். ஆனா நான் அமுக்க மாட்டேன். அமுக்கக் கூடாது. காலையில இதே பலகையில, இதே கூண்டுக்குள்ள, என் அண்ணன் நாப்பது நிமிஷம் அசையாம கெடந்திருக்கான். இந்த ஆராய்ச்சிக்கு ஜோடியாத்தான் வேணும், மனச்சிதைவு வந்த ஒருத்தரும் அவரு கூடப் பொறந்து அது வராத ஒருத்தரும். நான் எந்திரிச்சு ஓடுனா அவன் கெடந்ததும் வீண். நோயாளி படுத்துட்டான், நல்லா இருக்கற தங்கச்சி பயந்து ஓடிட்டா. ஊரு சிரிக்கும். ஊரு எங்க, அவனே சிரிப்பான்.

ஆரம்பிச்சிருச்சு. டக் டக் டக் டக், அப்பறம் நீளமா ஒரு டர்ர்ர்ர். எங்க தெருவுல போர் போட லாரி வந்தப்ப ரெண்டு நாளு இதே சத்தம்தான், முந்நூறு அடிக்குக் கீழ பாறைன்னாங்க, எல்லார் வீட்டு சட்டியும் அலமாரியில ஆடுச்சு. இங்க பாறை என் மண்டை. தண்ணி வந்தா சொல்லுங்க சார். சிரிக்கக் கூடாது, சிரிச்சா தல அசையும், அசைஞ்சா படம் கலங்கிரும். ப்ளஸ். ப்ளஸ்ஸப் பாரு. அண்ணன் மாறன் காலையில வெளிய வந்தப்ப அவன் மொகத்தப் பாத்தேன், தியேட்டருலருந்து வெளிய வர்றவன் மாதிரி கண்ணக் கசக்கிக்கிட்டு வந்தான், மங்க, உள்ள பெரிய காயில் இருக்கு, அவ்ளோ பெரிய காயில நான் பாத்ததே இல்லன்னான். மோட்டாருக்குக் காயில் கட்டற கடையில வாரத்துக்கு மூணு நாளு வேல பாக்கறான் அவன். மிக்ஸி, ஃபேனு, தண்ணி மோட்டாரு. எத்தன சுத்து சார் இருக்கும், கம்பி என்ன கேஜு, சூடாகாம எப்பிடி வெக்கிறீங்கன்னு கேக்கறான், பிலவேந்திரன் சாரு பத்து நிமிஷம் நின்னு தம்பி தம்பின்னு சொல்லிக் குடுக்கறாரு. நான் கதவோரம் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன், எனக்கு எதுக்கோ கோவம் கோவமா வந்துச்சு. ஆறு வருஷமா அவன்கிட்ட வெளி மனுஷன் எவனும் மாத்திர போட்டியாங்கறதத் தவுத்து வேற ஒண்ணு பேசி நான் பாத்ததில்ல. அப்பறம் என்கிட்ட வந்து சொன்னான், உள்ள போனா சத்தத்தோட சண்டைக்குப் போகாத, உன்னால அது ஆகாதுன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன், அது பாட்டுக்குக் கத்தும், நீ பாட்டுக்கு இரு. சத்தத்தப் பத்தி அவனுக்கு யாரு பாடம் எடுக்கறது. மாசம் ஒரு ஊசி போட்டதுக்கு அப்பறமும் அவன் காதுல பேசற ரெண்டு பேரு இன்னும் போகல அவன விட்டு, ஒரு கெழவன், ஒரு பொம்பள. காயில் சுத்தறப்ப கூடவே எண்ணுவாங்களாம். வேணும்னே தப்பா எண்ணுவாங்களாம். அவன் அறுபத்தி ரெண்டுல இருந்தா அவங்க அறுபத்தி மூணும்பாங்களாம். அப்ப என்னண்ணே பண்ணுவன்னு ஒரு தடவ கேட்டேன். மெஷின்ல மீட்டர் இருக்குல்ல, அதப் பாப்பேன், மீட்டர் பொய் சொல்லாது, அவங்களுக்கும் அது தெரியும், கொஞ்ச நேரம் மொறச்சுக்கிட்டு இருப்பாங்கன்னான். ஏதோ கூட வேல பாக்கறவங்களப் பத்திச் சொல்ற மாதிரி.

டர்ர் நின்னுருச்சு. இப்ப ஒரு மாதிரி ம்ம்ம்னு இருக்கு. மூக்கு நுனி அரிக்குது. மூக்குத்தி, தோடு, கொலுசு, ஹேர்பின் எல்லாத்தயும் கழட்டி அண்ணன் கையில குடுத்தேன், கைக்குட்டையில முடிஞ்சு மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். மூக்கு அரிக்குது, அத நினைக்காத, வேற நினை. ஜெஸிந்தா மேடம். இந்த ஆராய்ச்சிய நடத்தற டாக்டரு. குட்டையா இருக்காங்க, ஓடற ஷூ போட்டுக்கிட்டு வராண்டாவுல ஓடிக்கிட்டே இருக்காங்க. மனச்சிதைவுன்னு எவன் மேடம் பேர் வெச்சான், செதறு தேங்காயா இது, பேரக் கேட்டாலே பாதிப் பேரு வீட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருவான்னு மொத நாளே சண்டைக்குப் போனேன். எனக்கும் பிடிக்காது, மாத்தணும்னு எங்களுக்குள்ள பேச்சு நடந்துக்கிட்டுதான் இருக்குன்னாங்க. எனக்குச் சப்புனு போச்சு, சண்ட போட வந்தா ஒத்துக்கறாங்க. அப்பறம் ஒரு தாள எடுத்துப் படம் போட்டுக் காட்டுனாங்க. நாம மனசுக்குள்ள நமக்கு நாமே பேசிக்கிறோம்ல, அப்ப மூளை தனக்குத்தானே ஒரு சீட்டு அனுப்பிக்குதாம், வர்றது நம்ம ஆளு, விட்டுருன்னு. சில பேருக்கு அந்தச் சீட்டு லேட்டாப் போகுது, இல்ல போகவே மாட்டேங்குது, சீட்டு இல்லாம வர்றவன் வெளியாளாத் தெரியறான், அதான் குரலு. அப்பிடித்தான் இருக்கும்னு நினைக்கிறோம், முழுசாத் தெரியாதுன்னாங்க. தெரியாது. எங்க காலேஜுல ஒரு வாத்தியாரு வாயிலருந்து அந்த வார்த்த வந்து நான் கேட்டதில்ல. அண்ணன் அந்தத் தாளக் கேட்டு வாங்கி மடிச்சு வெச்சுக்கிட்டான். அப்ப அவங்க நான்தானா மேடம்னான். ஒரு வகையில ஆமா மாறன்னாங்க. அவன் யோசிச்சான். நான் இவ்ளோ மோசமாவா திட்டுவேன்னான். மேடம் சிரிச்சாங்க, அவனும் சிரிச்சான், எனக்குத்தான் சிரிப்பு வரல. அப்பறம் என்னையப் பாத்துச் சொன்னாங்க, உங்க அண்ணன் மாதிரி ஆளுங்க மூளையில என்ன தப்பாச்சுன்னு ரொம்ப வருஷமா பாத்துட்டோம், கூடப் பொறந்தவங்க மூளை என்ன செஞ்சு தப்பிச்சுச்சுங்கறதையும் பாக்கணும், பாதிக்குப் பாதி அதே ஜீனு, அதே வீடு, அதே சாப்பாடு, ஆனாலும் தாங்குது, எப்பிடித் தாங்குதுன்னு தெரிஞ்சா தாங்காதவங்களுக்கு அதச் செஞ்சு குடுக்க ஒரு வழி கெடைக்கலாம். அதே வீடு இல்ல மேடம், அவனுக்கு மாடி ரூமு எனக்குக் கீழன்னு வாதாடுனேன். வாதாடுனது வாய். உள்ள ஒண்ணு திடுக்குனு உக்காந்துருச்சு. தாங்குதுன்னு இவங்களுக்கு யாரு சொன்னா? நான்தான். நாலாவது கேள்வியில.

நாலாவது கேள்வி. ஸ்கேனுக்கு முன்னாடி நிரப்பச் சொல்லிக் குடுத்த தாளுல. பக்கத்தில் யாரும் இல்லாதபோது உங்களுக்குக் குரல் கேட்டதுண்டா. ஆம், இல்லை, ரெண்டு கட்டம். கேள்வியே சரியில்ல, எவ்ளோ தூரம் வரைக்கும் பக்கம், குரல்னா என்ன, எப்பலருந்துன்னு கேக்கல, குறுக்கு விசாரணையில நிக்காதுன்னு மனசுக்குள்ள ஆயிரம் நொட்ட சொல்லிக்கிட்டே இல்லைங்கற கட்டத்துல டிக் அடிச்சேன். பக்கத்து நாற்காலியில அண்ணன் அவன் தாள எழுதிக்கிட்டிருந்தான். அவன் அதே கேள்விக்கு ஆம்னு அடிச்சுட்டு, கேக்காமலே எடம் பத்தாம ஓரத்துல பொடிசா வேற என்னமோ எழுதிக்கிட்டிருந்தான். போன மாசம் ஞாயித்துக் கெழம மத்தியானம் ரெண்டு மணி. ஹாஸ்டல் பின்னாடி துணி துவைக்கிற கல்லு. கையெல்லாம் சோப்பு. மங்கைன்னு ஒருத்தன் கூப்புட்டான். கோவமா இல்ல, பயமுறுத்தல, சாப்புட வான்னு கூப்புடற மாதிரி. பொம்பளப் புள்ளைங்க ஹாஸ்டல்ல ஆம்பளைக் கொரலு. திரும்பிப் பாத்தேன், கொடியில காயிற துணியத் தவுத்து ஒண்ணுமில்ல. ரெண்டாவது பஸ் ஸ்டாண்டுல, அதக் கூட்டம்னு விட்டுட்டேன். மூணாவதுதான் மானத்த வாங்குச்சு. சாட்சியச் சட்டம் கிளாஸ். மங்கைன்னதும் யெஸ் சார்னு எந்திரிச்சு நின்னுட்டேன். சாரு போர்டுப் பக்கம் திரும்பி எழுதிக்கிட்டிருக்காரு. கிளாஸே சிரிச்சுச்சு, நானும் சேந்து சிரிச்சேன். கூடப் பொறந்தவங்கள்ல நூத்துக்கு ஒம்போது பத்து பேருக்கு வரலாம்னு மேடம் சொன்னப்ப நான் எங்க ஹாஸ்டல் மாடியத்தான் நினைச்சேன், நூறு பேரு இருக்கோம், வரிசையா நடந்து போயி பத்து கதவத் தட்டற மாதிரி. மிச்சம் தொண்ணூறு கதவு இருக்கேன்னு ஏன் தோண மாட்டேங்குது இந்த மண்டைக்கு. ஸ்கேனப் பாத்தா தெரிஞ்சிருமா மேடம்னு சும்மா கேக்கற மாதிரி கேட்டேன். ஒரு ஆளு படத்தப் பாத்து இருக்கு இல்லன்னு யாராலயும் இன்னும் சொல்ல முடியாது, நெறைய பேரு படத்த ஒண்ணா வெச்சாத்தான் என்னமோ கொஞ்சம் தெரியும்னாங்க. அப்ப நான் மாட்ட மாட்டேன். மாட்ட மாட்டேங்கறதுதான் இப்ப பிரச்சின. தாங்குன மூளைங்க வரிசையில என் மண்டையும் போயி உக்காந்திரும். பொய் சாட்சி.

சத்தம் மாறிருச்சு, இப்ப தட்டச்சு மாதிரி தடதடன்னு. அப்பா கடையில உர மூட்ட எறக்கற சத்தம் கூட இப்பிடித்தான். அப்பா. பொய் சொல்ல எங்க வீட்டுல யாருக்கும் தனியா பயிற்சி வேணாம். மாறனுக்கு இருபத்தோரு வயசு, பாலிடெக்னிக் முடிக்கல, யாரோ சொவத்துக்குள்ள பேசறாங்கன்னு சொவத்துல காத வெச்சுக்கிட்டு நின்ன மாசம் அது. அறந்தாங்கியில எங்க வீடு. பத்திரிக வெக்க அம்மாவோட ஒண்ணு விட்ட அண்ணன் வந்தாரு. எங்க மாறனக் காணம்னாரு. அப்பா ஒரு நொடி கூட யோசிக்கல, மஸ்கட்டு போயிட்டான் மச்சான், ஏசி மெக்கானிக்கு, திடீர்னு விசா வந்துருச்சுன்னாரு. எங்க பக்கம் தெருவுக்கு நாலு பேரு வெளிநாட்டுல இருக்கற ஊரு, யாரும் சந்தேகப்படல, சந்தோசப்பட்டாங்க. அதுக்கப்பறம் பொய்ய நிறுத்த முடியல. மஸ்கட்டுல இருக்கற புள்ள ஒரு சோப்புக் கூட அனுப்பலையான்னு எதுத்த வீட்டு சுலோச்சனா அத்த கேட்டுச்சு. அப்பா திருச்சிக்குப் போயி வெளிநாட்டுச் சாமான் கடையில சோப்பு, கோடாலித் தைலம், பால் பவுடரு, சென்ட்டு பாட்டிலுன்னு வாங்கிக்கிட்டு வந்து அட்டப் பெட்டியில போட்டு டேப்பு ஒட்டி, திரும்ப எல்லாரு முன்னாடியும் பிரிச்சாரு. அத்தைக்கு ஒரு புலிப்படம் போட்ட கம்பளி வேணுமாம், அதுவும் வந்துச்சு. நான் ஆறாங்கிளாஸ். எங்கண்ணன் மஸ்கட்டுன்னு கிளாஸ் பூரா சாக்லேட் குடுத்தேன். அங்க இப்ப மணி என்னன்னு டீச்சர் கேட்டா டாண்ணு சொல்லுவேன், ஒன்ற மணி நேரம் கொறைக்கணும். மஸ்கட்டுக்காரன் மாடி ரூமுல ஜன்னலச் சாத்திக்கிட்டு இருந்தான். ஆளு வந்தா இருமக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தோம். மூணு வருஷம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும்னா தெருவுல நடத்திக் கூட்டிக்கிட்டுப் போகணும், மஸ்கட்டுல இருக்கறவன எப்பிடித் தெருவுல நடத்தறது. எவ்ளோ சீக்கிரம் வர்றாங்களோ அவ்ளோ நல்லா மீண்டு வர்றாங்கன்னு மேடம் சொன்னப்ப அவங்க அதப் பொதுவாத்தான் சொன்னாங்க, நான்தான் அண்ணன் மூஞ்சியப் பாக்காம தரையப் பாத்தேன். மூணு வருஷம் சார். கோடாலித் தைலத்துக்கும் கம்பளிக்கும் குடுத்த மூணு வருஷம்.

தட்டு. தட்டு ஞாபகம் வருது, வேணாம், ப்ளஸ்ஸப் பாரு, வருது. ராவுல இல்ல, பட்டப் பகல்ல, சாப்பாட்டுத் தட்ட எடுத்துக்கிட்டு நான்தான் மாடிக்குப் போவேன். எட்டாங்கிளாஸ் படிக்கிறேன் அப்ப. கீழ சுலோச்சனா அத்த சத்தமாப் பேசிக்கிட்டிருக்கு, மாறன் எப்ப லீவுக்கு வருவான், வந்தா என் தங்கச்சி மகள ஒரு பார்வ பாக்கச் சொல்லுங்கன்னு. அவன் கட்டில்ல ஓரமா உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தான். என்கிட்ட மெதுவாக் கேட்டான், மங்க, மாறன் மஸ்கட்டுல இருக்கான்னா அப்ப இங்க இருக்கறது யாரு? நெசமாவே கேட்டான். வெளயாட்டு இல்ல. கண்ணுல அப்பிடி ஒரு பயம். ஆமான்னோ இல்லன்னோ எதையாச்சும் சொல்லியிருக்கலாம், நீதாண்ணே மாறன், நாங்கதான் பொய் சொல்றோம்னு ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். போண்ணே லூசுன்னு சொல்லிட்டு தட்ட வெச்சுட்டு எறங்கி வந்துட்டேன். அந்தப் படியில எறங்குன சத்தம் இந்த மெஷினுக்கு மேல கேக்குது. எட்டாங்கிளாஸ் புள்ளைக்கு என்ன தெரியும்னு எனக்கு நானே வக்கீலு வெச்சுப் பாத்துட்டேன், கேஸு நிக்கல. ஆனா மாடியில இருந்தவன் சும்மா இருக்கல. அடுத்த வருஷம் எனக்குச் சடங்கு வெச்சாங்க, வாசல்ல பந்தலு, எரநூறு பேரு, ரெண்டாம் பந்தி ஓடிக்கிட்டிருக்கு. கைலியும் பனியனுமா, இடுப்பு வரைக்கும் தாடி தொங்காத கொறையா, மாடிப்படியில எறங்கி வந்து எலைக்கு முன்னாடி உக்காந்தான். பந்தி அப்பிடியே நின்னுருச்சு. பத்திரிக வெக்க வந்த அதே மாமா, எப்ப மாப்ள வந்த, ப்ளேன் எத்தன மணிக்குன்னாரு. நான் எங்கயும் போகல மாமா, மேலதான் இருந்தேன்னான். அவ்ளோதான். அப்பா சாம்பார் வாளியோட நின்னாரு. ஊத்துனாரு. எலைய விட்டு வெளிய ஊத்துனாரு. அடுத்த நாள் காலையில மொத பஸ்ஸுல திருச்சிக்கு, ஆஸ்பத்திரிக்கு. பட்டுப் பொடவையில மேடையில உக்காந்திருந்த எனக்கு அன்னிக்கு ஒரே அசிங்கமா இருந்துச்சு, என் சடங்கக் கெடுத்துட்டானேன்னு அழுதேன். இன்னிக்கு நினைச்சா எங்க குடும்பத்துலயே அன்னிக்குப் புத்தியோட இருந்த ஒரே ஆளு அவன்தான்.

எத்தன நிமிஷம் ஆச்சு. கூண்டு கீழ எறங்குதா. எறங்கல, நான்தான். மூச்ச இழுத்தா நெஞ்சு பாதியில நிக்குது. கண்ணாடியில ப்ளஸ்ஸு ரெண்டாத் தெரியுது. பல்பு கையில இருக்கு, வேர்வையில வழுக்குது. அமுக்கிடலாம். அமுக்குனா ஒரு பொய்ப் படம் கொறையும், அதுவும் நல்லதுதானே, அறுபது ஜோடியில ஒரு ஜோடி போனா என்ன. அமுக்கிட்டு பயமா இருந்துச்சு மேடம்னு அழுதா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, நாலாவது கேள்வியும் அதோட போயிரும், நானும் ஹாஸ்டலுக்குப் போயிருவேன், துணி துவைப்பேன், கூப்புட்டா திரும்ப மாட்டேன், அவ்ளோதானே, திரும்பாம இருக்கப் பழகிக்கிட்டா போச்சு. கட்டை வெரலு பல்பு மேல. மங்கையர்க்கரசி. யாரோ கூப்புட்டாங்க. ஆம்பளைக் கொரலு. இங்கயுமா. பதில் சொல்லாத, தல அசையும். சொல்லாம இருந்தா? யாரு? மெஷின் சத்தம் நின்னு போயிருக்கு, எப்ப நின்னுச்சு, கவனிக்கல. மங்கையர்க்கரசி, கேக்குதாம்மா, நல்லாப் பண்றீங்க, இன்னும் ஒரே ஒண்ணு, ஆறு நிமிஷம். ஹெட்போன்ல. பிலவேந்திரன் சாரு. முழுப் பேரு சொல்லிக் கூப்புடற ஒரே ஆளு. எனக்குச் சிரிப்பு வருது, அழுகையும் வருது, ரெண்டையும் தலைய அசைக்காம செய்யணும், கண்ணீரு காதோரமா எறங்கி பஞ்சுல போகுது. நெசக் கொரலுக்கே செத்துட்டேனே. இனிமே எவன் கூப்புட்டாலும் இப்பிடித்தானா, ஹலோன்னு ஒருத்தன் சொன்னா கூட அவன் இருக்கானான்னு பாத்துட்டுத்தான் திரும்பணுமா? மாறன் மீட்டரப் பாக்கறான். எனக்கு மீட்டரு யாரு? யார்கிட்டயாச்சும் காட்டுனாத்தானே அறுபத்தி ரெண்டா அறுபத்தி மூணான்னு தெரியும். பரிட்ச நேரம், தூக்கம் இல்ல, அதனால கூட இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமக் கூடப் போகலாம், எங்க மாடியில இன்னும் எத்தன பேருக்குக் கேக்குதோ, கேட்டாத்தானே தெரியும். கேக்க விடாம யாரு புடிச்சு வெச்சிருக்கா என்னைய? அப்பாவா? அப்பா அறந்தாங்கியில உர மூட்ட எண்ணிக்கிட்டிருக்காரு. அம்மாவா? அம்மா நேத்து கூட போன்ல, ஊசி தேதிய நான்தான் காலண்டருல வட்டம் போட்டு வெச்சிருக்கேன், யாரு பாத்தா எனக்கென்னன்னு சொல்லுச்சு. டிக் அடிச்சது இந்தக் கை. என்னைய மஸ்கட்டுக்கு ஏத்தி விட்டது நானேதான், சொந்தச் செலவுல. மாடியில ஒளிச்சு வெச்சவங்களத் திட்டித் திட்டியே வளந்தவ, ஒளிக்கணும்னு வந்தப்ப ஒரு நொடி கூட யோசிக்கல. அப்பா மாதிரியே. மூக்கு மட்டும்தான் அப்பா மூக்குன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். ஆனா ஒண்ணு, அப்பா மூணு வருஷம் எடுத்தாரு. எனக்கு ஒரு மாசம்தான் ஆகியிருக்கு. கட்டை வெரல எடுத்துட்டேன் பல்பு மேலருந்து. டர்ர்ர்ர். கத்து. உன் இஷ்டத்துக்குக் கத்து. ஆறு நிமிஷம், நான் பாட்டுக்கு இருக்கேன். படம் நெசமா வரட்டும், தாள நான் திருத்திக்கிறேன்.

பலகை வெளிய வழுக்கிக்கிட்டு வந்துச்சு. லைட்டு கண்ணக் கூசுச்சு. பிலவேந்திரன் சாரு கூண்டக் கழட்டி, அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருமே கல்லு மாதிரி இருந்தீங்க, பெரிய பெரிய ஆளெல்லாம் பாதியில எந்திரிச்சுருவாங்கன்னாரு. நான் கல்லு இல்ல சார்னேன், பழக்கதோஷம், வாய் சும்மா இருக்கல. செருப்பு மாட்டக் கூட நிக்காம வராண்டாவுக்கு வந்தேன். ரெண்டு வரிசையா நாற்காலி, பதினஞ்சு இருபது பேரு. அண்ணன் ஓரத்துல உக்காந்து முட்ட பப்ஸு தின்னுக்கிட்டிருந்தான், சட்டையெல்லாம் தூளு. பாதிய எனக்கு நீட்டுனான். பக்கத்துல உக்காந்தேன். எப்பிடி ஆரம்பிக்கறதுன்னு உள்ளயே அஞ்சாறு விதமா ஒத்திக பாத்து வெச்சிருந்தேன், அத்தனையும் விட்டுட்டு நேராச் சொன்னேன்.

"அண்ணே, எனக்கும் கேக்குது."

அவன் பப்ஸ மடியில வெச்சுட்டு கையத் தொடச்சான். பதறல. மூஞ்சியில அய்யோங்கறது வரவே இல்ல, அதுக்குத்தான் நான் ஒரு மாசமா பயந்துக்கிட்டிருந்தேன். எந்த ஊருலருந்து புதுசா மாத்தலாகி வந்திருக்கன்னு கேக்கற மாதிரி கேட்டான்.

"எத்தன பேரு?"

"ஒருத்தன்தான். பேரு மட்டும் சொல்லிக் கூப்புடறான்."

"திட்டறானா?"

"இல்ல. சாப்புடக் கூப்புடற மாதிரி."

"அது பரவால்ல"ன்னான். என்னைய விட அவனுக்குத்தான் அனுபவம், அவன் பரவால்லன்னா பரவால்லதான். நாலாவது கேள்வியில இல்லைன்னு டிக் அடிச்சுட்டேன், மாத்தணும்னேன். எத்தன நாளான்னு கேட்டான். ஒரு மாசம், மூணு தடவன்னேன். அத அவன் வாய்க்குள்ளயே ஒரு தடவ சொல்லிப் பாத்தான், ஒரு மாசம், மூணு தடவ. அப்பறம் அவன் மூஞ்சி மாறுச்சு. பயம் இல்ல அது. எனக்கு அது என்னன்னு புரிய கொஞ்ச நேரம் புடிச்சுச்சு, ஏன்னா அவன் மூஞ்சியில அத நான் ரொம்ப நாளா பாத்ததில்ல. சந்தோசம். சட்டுனு எந்திரிச்சான், மடியில இருந்த பப்ஸு கீழ விழுந்துச்சு, அதப் பாக்கல. கடையில கஸ்டமர் வந்தா கூட ஓனர் பின்னாடி போயி நிக்கற ஆளு, நேரா போயி ஜெஸிந்தா மேடம் கதவத் தட்டுனான். தொறக்கறதுக்குள்ள வெளியருந்தே சொன்னான், வராண்டாவுல இருந்த அத்தன பேருக்கும் கேக்கற மாதிரி.

"மேடம், என் தங்கச்சி நாலாவது கேள்விக்குத் தப்பா டிக் அடிச்சிருச்சாம். மாத்தணுமாம். ஒரு மாசம்தான் மேடம் ஆகுது."

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நான் நெளியல. எந்திரிச்சுப் போனேன். கதவத் தொறந்த மேடம் என்னையப் பாத்தாங்க, அவனப் பாத்தாங்க, கையில இருந்த ஃபைல மேசையில போட்டுட்டு உள்ள வாங்கன்னாங்க. கோவிச்சுக்கல. பொய் சொன்னதுக்கு ஒரு பேச்சாவது விழும்னு பதில ரெடி பண்ணி வெச்சிருந்தேன், வேஸ்டாப் போச்சு. நாற்காலிய இழுத்துப் போட்டு, தாள மெதுவா மாத்திக்கலாம், மொதல்ல பேசுவோம், தனியாப் பேசணுமா, அண்ணன் கொஞ்சம் வெளிய இருக்கட்டுமான்னாங்க. அவன் சரி மேடம்னு திரும்பிட்டான். சட்டையப் புடிச்சு இழுத்தேன்.

"அவன் இருக்கட்டும் மேடம். நான் எதையாச்சும் சொல்லாம விட்டா அவன் கேப்பான்."